கில்மர் ஊற்றும் என் கையெழுத்தும்

ஆகஸ்ட் 9, செவ்வாய்

இரத்த அழுத்தம் 148/92. தினமும் அளந்து எழுத வேண்டும், கூடவே அன்றைக்கு எதற்குக் கோபப்பட்டேன் என்றும் எழுத வேண்டும் என்று டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். ஒரு நோட்டு பத்தாதே டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்றைய கோபம்: டெல்பர்ட். ஜல்லி லாரி ஓட்டிக் காசு பார்த்தவன், வாசலில் கதவளவு பலகை நட்டிருக்கிறான். 'கேள்வி ஐந்துக்கு ஆம்! ஊற்றைக் காப்போம்!' ஊற்றைக் காப்பதாம். கில்மர் ஊற்று இருக்கும் மாவட்ட நிலத்தைத் புட்டித் தண்ணீர் விற்கும் கம்பெனிக்கு ஐம்பது வருடக் குத்தகைக்கு விடுவதற்குப் பெயர் காப்பது. நவம்பர் தேர்தலில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் அதே வாக்குச்சீட்டில் இதையும் நம்மிடம் கேட்கப் போகிறார்கள்.

ஊற்றுக்கு நேர் கீழே இருப்பது மேவிஸின் வீடு. அவள் கிணறும், இருபத்திரண்டு செம்மறிகளும் அந்த ஊற்றை நம்பித்தான் இருக்கின்றன. டெல்பர்ட்டுக்கு அது தெரியாதா? தெரியும். கம்பெனி தரப்போகும் லாரி வாடகைதான் அவனுக்கு முக்கியம்.

ஆகஸ்ட் 18, வியாழன்

வியாழன் என்றால் மேவிஸ் வருவாள், சீட்டாடுவோம், என்னைத் தோற்கடித்துவிட்டுப் போவாள். பதினெட்டு வருடமாக இப்படித்தான். இன்றும் தோற்றேன்.

நாளை ஹாலிஸுக்குப் போகிறாளாம், மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு. கேள்வி ஐந்தைத் தேர்தலில் வைக்கச் சொல்லிக் கம்பெனி ஆட்கள் வாங்கிய கையெழுத்துத் தாள்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும், அது சட்டம். எல்லாவற்றையும் பார்க்கப் போகிறாள். "இருபத்தேழு வருஷம் இந்த ஊர் தபாலாபீஸ்ல உட்கார்ந்திருக்கேன் ஆர்வில். எவன் கையெழுத்து எவனோடதுன்னு பேரை மூடிட்டுக் கேட்டாலும் சொல்லுவேன். கள்ளக் கையெழுத்து ஒண்ணு இருந்தாலும் மாட்டிக்கும்" என்றாள்.

"பிடி, விடாதே" என்று உற்சாகப்படுத்தினேன். 139/88.

ஆகஸ்ட் 19, வெள்ளி

அளக்கவில்லை. அளந்தால் கருவி வெடிக்கும்.

சாயங்காலம் மேவிஸின் வண்டி வந்து நின்றது. அவள் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"அறுபத்தோராவது தாள். ஒன்பதாவது வரி."

"என்னது?"

"ஆர்வில் ஸ்டாம்பர். தூண்டில் முள்ளு மாதிரி அந்த 'ஆர்' எழுத்து. கள்ளக் கையெழுத்தா இருக்கணும்னு எத்தனை நேரம் உத்துப் பார்த்தேன் தெரியுமா? உன்னோடதேதான்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மே மாதம். மளிகைக் கடை வாசல். தொப்பி போட்ட ஓர் அம்மாள், கையில் அட்டை, பல் நிறையச் சிரிப்பு. "நம்ம ஊற்றைக் காப்பாத்த ஒரு கையெழுத்துப் போடுங்க சார்." என் பையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. மூக்குக்கண்ணாடி வண்டியில் கிடந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'ஊற்றுப் பாதுகாப்பு' என்று இருந்ததை மட்டும் பார்த்தேன். மேவிஸ் கிணற்றுக்கு நல்லதாயிற்றே என்று போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன்!

இதைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? ஏமாந்துட்டேன் மேவிஸ், படிக்காம போட்டுட்டேன் என்று ஒரு வரி. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன், ஒரு பிள்ளையின் பொய்யைக்கூட நம்பியதில்லை. ஓர் ஐஸ்கிரீம் டப்பாவுக்காக மோசம் போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தது இதுதான்: "என் கையெழுத்து, என் இஷ்டம்."

வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, சனி

161/98. முட்டாள். டெல்பர்ட் இல்லை. நான்.

ஆகஸ்ட் 25, வியாழன்

வரவில்லை.

செப்டம்பர் 21, புதன்

மேல் கிளையில் நாலு ஆப்பிள். விட்டிருக்கலாம். ஏணி சரிந்து வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. விரல் வரை மாவுக்கட்டு. பத்து வாரமாவது இருக்குமாம். இதை இடது கையால் எழுதுகிறேன், இந்த ஒரு பத்திக்கே அரை மணி ஆயிற்று.

தபாலாபீஸில் மேவிஸைப் பார்த்தேன். கட்டைப் பார்த்தாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தபால்தலை விலைப் பட்டியலைப் படித்தாள். அதை அவள்தான் ஒட்டினாள், ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம்.

அக்டோபர் 15, சனி

வாக்குச்சீட்டு தபாலில் வந்துவிட்டது. கூடவே விளக்கப் புத்தகம், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை படித்தேன். மாநிலம் நாலு கேள்வி கேட்கிறது: கடிகாரத்தை வருடம் இரண்டு தடவை மாற்ற வேண்டுமா, ஏரிக்கரையில் சூதாட்டக் கூடம் வரலாமா, பள்ளிகளில் மதியச் சாப்பாடு இலவசமா, நீதிபதிகளுக்கு வயது வரம்பு வேண்டுமா. ஐந்தாவது மட்டும் மாவட்டத்தினுடையது.

ஐந்துக்கு ஆம் சொல்லச் சொல்லி ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். 'ஊற்றின் நண்பர்கள்' என்று ஒரு சங்கம். முகவரியைப் பார்த்தேன்: முந்நூறு மைலுக்கு அந்தப் பக்கம், பெருநகரத்தில், பதினாலாவது மாடி. இந்த ஊற்றில் ஒரு வாய் குடித்திருப்பானா அந்த நண்பன்? எதிர்த்து எழுதியது ஒரே ஒருத்தி. மேவிஸ் டீகன், ஓய்வுபெற்ற அஞ்சல் அதிகாரி. ஆறே வரி. 'இந்த நிலத்துக்குக் கீழே பதினொரு வீடுகளின் கிணறுகள் இருக்கின்றன' என்று தொடங்கி, பதினொரு குடும்பத்தின் பெயரையும் எழுதி முடித்துவிட்டாள்.

அந்த ஆறு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

அக்டோபர் 20, வியாழன்

ஐந்துக்கு 'இல்லை' என்பதன் எதிரே இருந்த முட்டை வடிவக் கட்டத்தை இடது கையால் கறுப்பாக்கினேன். கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி போகவில்லை. சீட்டைப் போடும் உறையின் மேல் கையெழுத்து மட்டும் வலது கையால்தான் போட வேண்டும் என்று வீம்பு. மாவுக்கட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு விரலில் பேனாவைச் செருகி ஒருவழியாகப் போட்டேன். நூலகத்து வாசலில் வைத்திருக்கும் வாக்குப் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மே மாதத்துக் கணக்கை நேர் செய்தாயிற்று என்று ஒரு நிம்மதி.

நவம்பர் 3, வியாழன்

168/101.

ஹாலிஸிலிருந்து கடிதம். 'உங்கள் உறையிலுள்ள கையெழுத்து எங்கள் பதிவோடு ஒத்துப்போகவில்லை. இருபத்திரண்டாம் தேதிக்குள் நேரில் வந்து சரிசெய்யாவிட்டால் உங்கள் வாக்கு எண்ணப்படாது.'

நான் நான் இல்லையாம்! பின்னே எவன்டா நான்? ஊற்றை விற்க நீட்டிய தாளில் போட்டபோது என் கையெழுத்து. விற்காதே என்று போட்டால் எவனோ ஒருத்தனுடையது! அம்பத்திரண்டு மைல் போய் நான்தான் நான் என்று சத்தியம் செய்ய வேண்டுமாம், ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு. போக மாட்டேன். அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

கடிதத்தைக் கசக்கி அடுப்பு விறகுப் பெட்டியில் எறிந்தேன். அடுப்பில் எறியவில்லை. ஏன் எறியவில்லை?

நவம்பர் 9, புதன்

எண்ணிவிட்டார்கள். மாவட்டம் முழுக்க நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டு. ஐந்துக்கு 'இல்லை' பதினொரு ஓட்டு முன்னால்! பதினொன்று!

நாற்பத்தொரு உறை மட்டும் எண்ணாமல் கிடக்கிறதாம், கையெழுத்துத் தகராறு. நாற்பத்தொன்றில் ஒன்று என்னுடையது. அது இல்லாமலே மேவிஸ் ஜெயித்துவிட்டாள். நல்லது. அப்படியே இருக்கட்டும். யாரும் அசையாமல் இருந்தால் போதும்.

நவம்பர் 14, திங்கள்

காலையில் கதவைத் தட்டும் சத்தம். மேவிஸ். எண்பத்தேழு நாளைக்குப் பிறகு. கையில் ஒரு பட்டியல்.

"உன் பேர் இதுல இருக்கு. கையெழுத்து ஒத்துப் போகலைன்னு கடிதம் வந்திருக்கணுமே."

"வந்தது."

"நாளைக்கு ஹாலிஸுக்கு வண்டி எடுக்கிறேன். எட்டு மணிக்குத் தயாரா இரு."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இந்தப் பட்டியலைத் தேர்தல் அலுவலகம் கேட்பவர்களுக்குக் கொடுக்கும். இரண்டு பக்கத்து ஆட்களும் வாங்கிக்கொண்டு தங்கள் தங்கள் ஆட்களைத்தான் தேடிப் போவார்கள். கம்பெனி ஆள் இரண்டு பேர் காரில் சுற்றுவதை நானே பார்த்தேன். இவளுக்கு நான் யாருடைய ஆள்? அறுபத்தோராவது தாளின் ஆள்.

"மேவிஸ், நீ பதினொரு ஓட்டு முன்னால இருக்க. எதுக்கு இப்போ கிளறுற?"

"எண்ணாத ஓட்டு நாப்பத்தொண்ணு இருக்கே."

"இருந்துட்டுப் போகட்டும். நான் எதுக்குப் போட்டேன்னு உனக்குத் தெரியுமா? நான் வந்து —"

"வாயை மூடு ஆர்வில்!" அதட்டலில் அவளோடு வந்த நாயே உட்கார்ந்துவிட்டது. "எதுக்குப் போட்டேன்னு என்கிட்ட மூச்சு விடாதே. நீ சொன்னா, உன்னைக் கூட்டிட்டுப் போறதுக்கோ விட்டுட்டுப் போறதுக்கோ எனக்கு அது ஒரு காரணம் ஆயிடும். எனக்குக் காரணம் வேண்டாம். எட்டு மணி."

அவள் என்னை ஆம் போட்டவன் என்றுதான் நினைக்கிறாள். நினைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். கோபம் தலைக்கேறுகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இந்தப் பொம்பளைக்குக் கொஞ்சமாவது பிழைக்கத் தெரியுமா?

நவம்பர் 15, செவ்வாய்

எட்டு மணிக்குத் தயாராக இருந்தேன். வண்டியில் முன் சீட்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது. டெல்பர்ட்!

கண் அறுவைக்குப் பிறகு அவன் கையெழுத்தும் கோணிவிட்டதாம். இன்னும் வண்டி ஓட்டக் கூடாதாம். ஐம்பத்திரண்டு மைலும் பின் சீட்டில், ஆட்டுத் தீவன மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

"என்ன ஆர்வில், நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி போல இருக்கே! உன் பேரையும் தாள்ல பார்த்ததாச் சொன்னாங்க" என்று அவன் சிரித்தான்.

"கண்ணு தெரியாதவனுக்குப் பேச்சு எதுக்கு" என்றேன்.

"ரெண்டு பேரும் எதையும் பேசக் கூடாது" என்றாள் மேவிஸ். "என் வண்டி."

அலுவலகத்தில் ஓர் அம்மாள், அமைதியான முகம். கணினியில் என் கையெழுத்துகளை வரிசையாகக் காட்டினாள். ஓட்டுநர் உரிமத்தில் போட்டது. அதற்குக் கீழே மே மாதத்து மனு, அறுபத்தோராவது தாள். "இது ரெண்டும் நல்லா ஒத்துப் போகுது சார். ஜூன்லயே சரிபார்த்து ஏத்துக்கிட்டோம். உறை மேல இருக்கிறதுதான்..."

அவ்வளவுதான். வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். "ஐஸ்கிரீம் உருகுற அவசரத்துல, கண்ணாடி இல்லாம, ஒரு எழுத்தும் படிக்காம போட்டது ஏத்துக்கிட்டீங்க! நூத்திப் பன்னெண்டு பக்கம் படிச்சு, ஒடஞ்ச கையால உயிரைக் குடுத்துப் போட்டது செல்லாதா? எதும்மா என் கையெழுத்து?"

அந்த அம்மாள் மாவுக்கட்டைப் பார்த்தாள். "இதுதான் காரணம்னு உறை மேல ஒரு வரி எழுதியிருந்தா, நாங்களே போன் பண்ணிக் கேட்டிருப்போமே சார்" என்றாள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினாள். இடது கையால் போட்டேன். ஐந்து நிமிட வேலை.

திரும்பியபோது மேவிஸ் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டெல்பர்ட்டுக்கு அவன் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 22, செவ்வாய்

கடைசி நாள். நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று பேர் சரிசெய்திருக்கிறார்கள். பதினாலு பேரை மேவிஸ்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

நவம்பர் 23, புதன்

ஆம்: நாலு ஓட்டில் ஜெயித்தது.

முப்பத்து மூன்றில் இருபத்து நாலு ஆம். ஒன்பது இல்லை. அந்த ஒன்பதில் ஒன்று நான். பதினொன்று போய் மைனஸ் நாலு!

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். ஆட்டுப்பட்டி வேலியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தாள். கத்தினேன். வயிற்றெரிச்சல் தீரக் கத்தினேன். "உன் கிணத்துக்கு நீயே மண்ணு அள்ளிப் போட்டுட்ட! அந்த டெல்பர்ட்டை நீ முன் சீட்டுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போன! சும்மா வீட்டுல உட்கார்ந்திருந்தா போதுமே! யாரு உன்னைத் தர்மதேவதை வேஷம் கட்டச் சொன்னது?"

அவள் கம்பியை முறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. காலையிலேயே அழுது முடித்திருப்பாள்.

"டெல்பர்ட் எழுத்து எனக்கு நல்லாத் தெரியும் ஆர்வில். அவன் அம்மாவுக்கு அனுப்பின கிறிஸ்மஸ் அட்டை அத்தனையும் என் கை வழியாப் போச்சு. உறை மேல இருக்கிறது அவனோடதுதான்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் தெரியாத மாதிரி வீட்டுல உட்காரச் சொல்றியா?"

"ஆமா! அதைத்தான் சொல்றேன்!"

"பிடிக்காதவன் தபாலை நான் ஒரு நாளும் அமுக்கி வச்சதில்லை."

"இது தபால் இல்லை!"

"தபால்ல வந்ததுதானே" என்றாள். குறடை எடுத்து என் இடது கையில் கொடுத்தாள். "இந்த முனையைப் பிடி."

பிடித்தேன். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறப்போவதும் இல்லை. அந்தத் தொப்பிக்காரி, பதினாலாவது மாடி நண்பன், டெல்பர்ட், இவள், நான். எல்லார்மேலும் கோபம்.

டிசம்பர் 8, வியாழன்

வித்தியாசம் குறைவு என்று மறுபடி எண்ணினார்கள். அதே நாலு. கட்டுப் பிரித்தாயிற்று, கை வாழைத்தண்டு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது.

ஆறரைக்கு மேவிஸ் சீட்டுக்கட்டோடு வந்தாள். தோற்றேன்.

ஜூன் 14, புதன்

ஊற்றுத் தண்ணீர் லாரிகள். காலை ஐந்தரையிலிருந்து எண்ணினேன்: பத்தொன்பது. நாலு டெல்பர்ட்டுடையவை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மேவிஸின் கிணறு நின்றுவிட்டது. பத்து நாளாகவே கலங்கிக் கலங்கி வந்ததாம். எனக்குச் சொல்லவில்லை. ஆடுகளுக்கு ஆற்றிலிருந்து பீப்பாயில் கொண்டுவந்தாளாம், அறுபத்தெட்டு வயதில். அவள் இதைச் சொன்னது புகாராக இல்லை, பீப்பாய் மூடி இரவல் கேட்க வந்த இடத்தில் போகிற போக்கில் சொன்னாள். கம்பெனிக்குக் கடிதம் எழுதினாளாம். 'தொடர்பு நிரூபிக்கப்படவில்லை' என்று பதில். மாவட்டத்துக்கும் எழுதினாளாம். பதிலே இல்லை.

சட்டையைப் போட்டுக்கொண்டு டெல்பர்ட் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. அதுவே பெரிய கோபமாகிவிட்டது எனக்கு.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

என் கிணறு மேட்டுக்கு அந்தப் பக்கம், வேறு நீரோட்டம், முந்நூறு அடி ஆழம். மூன்று நாளாகக் குழாய் பதித்தோம், என் கிணற்றடியிலிருந்து மேவிஸின் அடுக்களை வரைக்கும். நேற்றுக் காலையில் டெல்பர்ட் பள்ளம் தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான். யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் வரை தோண்டினான், காபியைக்கூட வாங்காமல் போய்விட்டான். அவனை மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்று கடைசி இணைப்பு. நானும் மேவிஸும் பள்ளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு வருடமாக வாய்க்குள்ளேயே கிடந்தது, தானாக வெளியே வந்துவிட்டது.

"இல்லைன்னுதான் போட்டேன் மேவிஸ். அந்தத் தாளைப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். ஓட்டு இல்லைன்னுதான் போட்டேன்."

"அன்னைக்கு ஹாலிஸ்ல நீ கத்தினதுலயே தெரிஞ்சுபோச்சு."

"அதுக்கு முந்தின நாள், என் வீட்டுக்கு வந்தப்போ?"

பசை ஆறட்டும் என்று இணைப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

"அப்போ தெரியாது. நீ ஆமாம்னு போட்டிருப்பன்னு நினைச்சுத்தான் வந்தேன். கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி வண்டியிலயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்."

எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன். அடுக்களைக் குழாய் முதலில் இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது, பிறகு தெளிந்து ஓடியது. மேவிஸ் முதலில் ஆடுகளின் தொட்டியை நிரப்பினாள், அப்புறம் கெட்டிலை.